மருந்தை நிறுத்தினால் மறுபடி வருகிறது: கல்லல் பக்கம் நாட்டுக்கோழிப் பண்ணை, யோசனை தேவை

கல்லல்_சிறுவிடை

எல்லோருக்கும் வணக்கம். கல்லல் பக்கம் சிறுவிடைக் கோழி வளர்க்கிறோம். இரண்டு கொட்டகை, வேலி போட்ட மேய்ச்சல் இடம் கொஞ்சம். தாய்க்கோழி, வளரும் கோழி, குஞ்சு எல்லாம் ஒரே வளாகத்தில்தான். இன்குபேட்டரும் சொந்தம்.

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து இரண்டு தொல்லை. பெரிய கோழிகளுக்கு முகம் ஒரு பக்கமாக வீங்குகிறது, மூக்கில் சளி, கிட்டப் போனால் ஒரு மாதிரி அழுகல் வாடை. சாவு அதிகமில்லை, ஆனால் முட்டை பாதிக்குப் பாதி விழுந்துவிட்டது. இன்னொரு பக்கம், பொரித்து எடுத்த குஞ்சுகள் முதல் வாரத்திலேயே சுருண்டு விழுகின்றன. வயிறு உப்பி, தொப்புள் காயாமல் ஈரமாகவே இருக்கிறது.

மருந்துக்கடையில் சொல்லி ஒரு பவுடர் வாங்கித் தண்ணீரில் கலந்து கொடுத்தேன். அடங்கியது. நிறுத்தியதும் திரும்ப வந்தது. கம்பெனி மாற்றி வேறு பவுடர். அதே கதைதான். இதைவிட வீரியமாக ஏதாவது இருக்கிறதா?

தீவனக்கடை_காரைக்குடி

இந்த மழைக்கு எங்கள் கடைக்கு வருகிற பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். டாக்ஸிசைக்ளின், டைலோசின் என்று இரண்டு ஆன்டிபயாடிக் சேர்ந்த பவுடர் கொடுத்துப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் என்ரோஃப்ளாக்சசின். முன்பு கொலிஸ்டின் கலந்த மருந்து ஒன்று வரும், கழிச்சலுக்குக் கொடுத்தால் மறுநாளே குணம் தெரியும். இப்போது சரக்கே வருவதில்லை.

கால்நடை_ஓய்வு

சரக்கு வராததற்குக் காரணம் இருக்கிறது. உணவுக்காக வளர்க்கிற கால்நடை, கோழி, மீன் எதற்கும் கொலிஸ்டின் கொடுக்கக் கூடாது என்று மத்திய அரசு 2019 ஜூலையில் தடை போட்டுவிட்டது. ஆஸ்பத்திரியில் ஐசியுவில் கிடக்கிற மனிதனுக்கு வேறு எந்த மருந்தும் எடுபடாதபோது டாக்டர் கடைசியாகக் கையில் எடுப்பது அது. அதைப் போய் கோழிக் கழிச்சலுக்குக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்தோம். வராமல் இருப்பதே நல்லது.

கல்லல் தம்பி, வீரியமான மருந்தைப் பிறகு பார்ப்போம். முதலில் சில கேள்விகள். சமீபத்தில் வெளியிலிருந்து கோழி ஏதாவது உள்ளே வந்ததா? முகவீக்கம் முதலில் எந்தக் கொட்டகையில் தெரிந்தது? காலையில் யார் முதலில் எங்கே போகிறார்கள்? தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எதில் தேங்குகிறது? கடைசியாக உங்கள் வளாகம் ஒரு கோழிகூட இல்லாமல் காலியாக இருந்தது எப்போது?

கல்லல்_சிறுவிடை

ஐயா, வரிசையாகச் சொல்கிறேன். ஆடியில் கருப்பர் கோயில் படையலுக்கு நிறையப் பேர் சேவல் கேட்டார்கள். எங்களிடம் இருந்தது பற்றவில்லை என்று சந்தையில் வாங்கிச் சேர்த்துக் கொடுத்தோம். அதில் கொஞ்சம் மிஞ்சியது. புரட்டாசி பிறந்ததும் கறி வாங்க ஆளில்லை, விலையும் இல்லை. சரி, நிற்கட்டும் என்று தாய்க்கோழிகளோடு விட்டுவிட்டோம். வீக்கம் முதலில் தெரிந்ததும் அந்தக் கொட்டகையில்தான். ஆனால் வாங்கிய சேவல்கள் இன்றுவரை நன்றாகத்தான் இருக்கின்றன. சீக்கு வந்தது எங்கள் கோழிகளுக்கு.

காலையில் அம்மா முதலில் முட்டை எடுப்பார், அப்புறம் வளரும் கோழிக்குத் தீவனம், கடைசியாகக் குஞ்சு. தண்ணீர் போர் தண்ணீர்தான், சின்டெக்ஸில் ஏற்றிக் குழாயில் விடுகிறோம். காலியாக இருந்ததா என்றால், தொடங்கிய நாளிலிருந்து கொட்டகை காலியாகவே இருந்ததில்லை. காலியாகப் போட்டால் வருமானம் ஏது?

கால்நடை_ஓய்வு

பாதி விடை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் முகவீக்கமும் அந்த வாடையும் சேர்ந்தால் நான் முதலில் சந்தேகிப்பது கொரைசா என்கிற பாக்டீரியா சளி நோய். இந்தப் பாக்டீரியாவுக்கு ஒரு குணம் உண்டு. கோழியின் உடம்புக்கு வெளியே அதனால் அதிக நாள் தாக்குப்பிடிக்க முடியாது. இரண்டு மூன்று நாளில் செத்துவிடும். சுவரிலும் தரையில் பரப்பிய கூளத்திலும் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கிற ஜாதி இல்லை. அப்படியானால் எப்படித் திரும்பத் திரும்ப வருகிறது? கோழிக்குள்ளேயே இருக்கிறது. ஒருமுறை வந்து குணமான கோழி பார்வைக்குக் கொழுகொழுவென்று இருக்கும், கிருமியை மட்டும் மூக்கில் சுமந்துகொண்டு திரியும். அது வாய் வைத்த தண்ணீரில் அடுத்த கோழி வாய் வைத்தால் முடிந்தது. உங்கள் சந்தைச் சேவல்கள் "நன்றாகத்தான்" இருப்பதற்கும் உங்கள் கோழிகள் வீங்குவதற்கும் இதுதான் கணக்காக இருக்க வேண்டும். சேவல்கள் எங்கோ முன்பே பட்டு எழுந்தவை. உங்கள் கோழிகளுக்கு அது புதுசு.

பவுடர் வீக்கத்தை வற்றவைக்கும், சுமக்கிற கோழியைச் சுத்தமாக்காது. நிறுத்தியதும் கிருமி மறுபடி தலையெடுக்கும். நடுவில் இந்தப் பக்கம் வளர்ந்த புதுக் கோழிகள் பெரிய கொட்டகைக்குப் போயிருக்கும், அவற்றுக்கு எதிர்ப்பு ஏது? எல்லா வயதும் ஒரே வளாகத்தில் இருந்தால் கிருமிக்கு ஒரு நாளும் பட்டினி கிடையாது. பிராய்லர்காரர்கள் ஒரே நாளில் குஞ்சு இறக்கி ஒரே நாளில் ஏற்றிவிட்டு ஷெட்டைக் காயப்போடுகிறார்களே, அதன் முழு அர்த்தமும் இதுதான்.

குஞ்சுச் சாவு வேறு கதை. அதை இதோடு சேர்க்காதீர்கள். தொப்புள் ஈரம், உப்பிய வயிறு என்றால் மஞ்சள் கருப் பையில் தொற்று. பெரும்பாலும் ஈகோலை என்கிற குடல் பாக்டீரியா. அது இன்குபேட்டர் பக்கத்திலிருந்து வருகிறது.

பஞ்சாரம்

நான் பண்ணையெல்லாம் வைக்கவில்லை. கானாடுகாத்தான் பக்கம் வீட்டுப் பின்கட்டில் பத்துப் பதினைந்து கோழி எப்போதும் நிற்கும், அவ்வளவுதான். எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் அடைக்கு வைத்தால் வைத்த முட்டையில் ஒன்றிரண்டு கூமுட்டை போக மற்றதெல்லாம் பொரிந்து ஓடும். தொப்புள் ஈரம் என்று நான் பார்த்ததே இல்லை. மிஷினில் மட்டும் ஏன் இப்படி? தம்பி முட்டையை என்ன செய்து வைக்கிறார்?

கல்லல்_சிறுவிடை

ஆச்சி, சுத்தமாகக் கழுவித் துடைத்துத்தான் வைக்கிறோம். எச்சம் ஒட்டிய முட்டையை அப்படியே மிஷினில் வைக்க முடியுமா?

பஞ்சாரம்

கழுவுகிறீர்களா! முட்டையைத் தண்ணீரில் போடாதே என்று எங்கள் அப்பத்தா சொல்லும். நாங்கள் அழுக்கு முட்டையை அடைக்கே வைக்க மாட்டோம், அது குழம்புக்கு. சுத்தமாகக் கிடைத்ததை மட்டும் மண் பரப்பிய கூடையில் வைப்போம். காரணம் எனக்குத் தெரியாது, மருத்துவர் ஐயா சொல்லட்டும்.

கால்நடை_ஓய்வு

அப்பத்தா சொன்னது சரி. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. இட்டவுடன் மேலே ஒரு மெல்லிய பூச்சு காய்ந்து அதை மூடுகிறது. கழுவினால் அந்தப் பூச்சு போய்விடும். அதைவிட மோசம் குளிர்ந்த தண்ணீர். முட்டை சூடாக இருக்கும், தண்ணீர் பட்டதும் உள்ளே இருப்பது சுருங்கும், சுருங்கும்போது ஓட்டின் மேலிருக்கிற எச்சத் தண்ணீரைத் துளை வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். அழுக்கைக் கழுவுகிறோம் என்று நினைத்து ஈகோலையை உள்ளே அனுப்புகிறோம். அப்புறம் மிஷின் கிருமிக்கும் சேர்த்துத்தான் கதகதப்புக் கொடுக்கிறது. அப்படி ஒரு முட்டை உள்ளே வெடித்தால் மொத்தத் தட்டுக்கும் பரவும்.

ஆகவே அழுக்கு முட்டை குழம்புக்கே போகட்டும், ஆச்சி முறைதான். லேசாக ஒட்டியிருந்தால் உலர்ந்த நார் வைத்துச் சுரண்டினால் போதும். முட்டை அழுக்காவதே முட்டைப் பெட்டியில் கூளம் நனைந்து கிடப்பதால்தான். பெட்டியில் காய்ந்த வைக்கோலை அடிக்கடி மாற்றினால் பாதிப் பிரச்சினை போய்விடும். ஒவ்வொரு முறை பொரித்ததும் மிஷினுக்குள் இருக்கிற ஓட்டுத் தூளையும் பஞ்சு மாதிரி ரோமத்தையும் சுத்தமாக எடுத்துக் கழுவிக் காயவைத்த பிறகே அடுத்த முட்டை. அங்கே வெப்பமும் ஈரப்பதமும் கூடிப்போனாலும் தொப்புள் மூடாது, அதையும் பாருங்கள்.

மைக்ரோ_மாணவி

நான் காரைக்குடியில் நுண்ணுயிரியல் படிக்கிறேன். மருந்து பற்றி ஒன்று மட்டும். முகவீக்கம் என்றாலே கொரைசா இல்லை, மைக்கோபிளாஸ்மா என்கிற கிருமியும் இருக்கலாம். கண்ணில் நுரை, மூச்சுவிடும்போது கர்கர் சத்தம் இருந்தால் அதற்கு வாய்ப்பு அதிகம். அந்தக் கிருமிக்குச் செல்சுவரே கிடையாது. பென்சிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகள் வேலை செய்வதே செல்சுவரைக் கட்டவிடாமல் தடுத்துத்தான். சுவரே இல்லாத கிருமியிடம் அமாக்சிசிலின் என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது, பணம்தான் வீண். கல்லல் அண்ணன் கொடுத்த முதல் பவுடர் எந்த வகை என்று தெரிந்தால் நல்லது.

இன்னொன்று. தண்ணீரில் கலந்து கொடுக்கும்போது ரொம்ப முடியாத கோழி தண்ணீரே குடிக்காது. நன்றாக இருக்கிற கோழிதான் மருந்தை எல்லாம் குடித்துவிடும். நோயாளிக்கு அரை டோஸ், ஆரோக்கியமானவனுக்கு முழு டோஸ். அரை டோஸில் சாகாமல் தப்பிக்கிற பாக்டீரியாதான் அடுத்த தலைமுறைக்குத் தகப்பன். ஈகோலை போன்றவை எதிர்ப்பு மரபணுவை அக்கம்பக்கத்து வேறு ஜாதிப் பாக்டீரியாவுக்கும் கைமாற்றிவிடும்.

தீவனக்கடை_காரைக்குடி

எல்லாம் சரிதான் பாப்பா. ஆனால் காலையில் கதவைத் திறந்தால் கோழி செத்துக் கிடக்கிறது, ஒருவர் ஓடி வந்து நிற்கிறார். அவரிடம் லேபுக்குப் போ, நான்கு நாள் பொறு என்றால் பக்கத்துக் கடைக்குப் போவார். மருந்துக்கடைக்காரனையே எல்லாரும் திட்டுகிறார்கள்.

கால்நடை_ஓய்வு

திட்டவில்லை. உங்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், அடுத்து அப்படி ஒருவர் வந்தால் மருந்துக்கு முன்னால் இதைச் சொல்லுங்கள்: மாவட்டத்துக்கு ஒரு கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. அங்கே கொண்டுபோக வேண்டியது உயிரோடு இருக்கிற, நோய்க்குறி தெரிகிற, இன்னும் மருந்தே கொடுக்காத கோழி. செத்தது என்றால் அப்போதுதான் செத்ததாக, ஐஸில் வைத்து. முதல்நாள் இரவு செத்து விறைத்ததையும், மூன்று மருந்து கொடுத்து முடித்ததையும் கொண்டுபோனால் அவர்கள் எதை வளர்த்துப் பார்ப்பார்கள்? எந்த மருந்து எடுபடும் என்கிற சென்சிட்டிவிட்டி டெஸ்டும் கேட்டு வாங்குங்கள். அதற்கு ஆகிற செலவு ஒரு பவுடர் டப்பா விலையைத் தாண்டாது.

ஒப்பந்தப்பண்ணை_தேவகோட்டை

தேவகோட்டைப் பக்கம் பிராய்லர் வளர்க்கிறேன், கம்பெனி குஞ்சு, கம்பெனி தீவனம், எனக்குக் கிலோவுக்கு வளர்ப்புக் கூலி. மேலே ஐயா "ஒரே நாளில் இறக்கி ஒரே நாளில் ஏற்றி ஷெட்டைக் காயப்போடுவார்கள்" என்று எழுதியிருந்தார். புத்தகத்தில் அப்படித்தான். நடப்பு என்ன தெரியுமா? மார்க்கெட்டில் விலை இருந்தால் ஒரே ஷெட்டை மூன்று தவணையாகப் பிடிப்பார்கள். முதலில் பெரிய கோழி, இரண்டு நாள் கழித்து அடுத்தது. பிடிக்கிற ஆட்கள் அதே இரவில் வேறு பண்ணையில் பிடித்துவிட்டு, அதே கைலி, அதே செருப்போடு வந்து இறங்குவார்கள். கூண்டு கழுவுவதே இல்லை, அடியில் முந்தைய பண்ணை எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கும். மிச்சமிருக்கிற கோழி அதற்கப்புறம் ஒரு வாரம் அந்த ஷெட்டிலேயே நிற்க வேண்டும். கடைசித் தவணையில் சாவு ஏறுவது ஏன் என்று சூப்பர்வைசர் என்னைக் கேட்கிறார்!

ஷெட் காலியானபின் இரண்டு வாரம் கேட்கிறேன். சில சமயம் கிடைக்கும். விலை நன்றாக இருந்தால், கழுவிய தரை காய்வதற்குள் குஞ்சு வண்டி வாசலில் நிற்கும். ஈரத் தரையில் கூளம் போட்டால் அந்த பேட்ச் முழுக்க அடிக்கூளம் நசநசவென்றே இருக்கும்.

கால்நடை_ஓய்வு

தவணை தவணையாகப் பிடிப்பதால் புதுக் கிருமி உள்ளே வருவது உலகம் முழுக்க அறிந்த விஷயம். கேம்பைலோபாக்டர் என்கிற பாக்டீரியா ஷெட்டுக்குள் நுழைகிற முக்கியமான வழிகளில் அது ஒன்று. கோழிக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது, சாப்பிடுகிற மனிதனுக்குத்தான் வயிற்றுப்போக்கு. அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை. பிடிக்கிறவர்களுக்கு வாசலிலேயே நம் செருப்பைக் கொடுத்துவிடுங்கள். கேட்பார்களா என்றால், சிலர் கேட்பார்கள்.

மேய்ச்சல்_பித்தன்

இவ்வளவு தலைவலி எதற்கு? கொட்டகைக்குள் அடைத்து வைப்பதால்தான் எல்லாம். தைல மரத்தோப்பில் திறந்துவிடுங்கள், ஒரு சீக்கும் வராது. மஞ்சள், சின்ன வெங்காயம், கீழாநெல்லி அரைத்து வாரம் ஒருமுறை கொடுத்தால் ஆங்கில மருந்தே தேவையில்லை.

பஞ்சாரம்

என் கோழிகள் திறந்துதான் திரிகின்றன. பத்துக் கோழிக்கு அவ்வளவு பெரிய பின்கட்டும் தோட்டமும் இருக்கிறது, அதனால் தாங்குகிறது. அப்படியும் ஒரு மாசியில் வெள்ளைக்கழிச்சல் வந்து பஞ்சாரமே காலியாகிவிட்டது. அதற்கப்புறம் ஊசி முகாம் போட்டால் முதல் ஆளாக நிற்பேன். வெங்காயம் நானும் கொடுக்கிறேன், கெடுதல் இல்லை. அதை நம்பி ஊசியை விடமாட்டேன்.

கால்நடை_ஓய்வு

ஆச்சி சொன்னது வைரஸ் நோய், அதற்குத் தடுப்பூசியை விட்டால் வழியே இல்லை. பாக்டீரியா பக்கம் வந்தாலும் திறந்தவெளி மந்திரம் கிடையாது. இடம் தாராளமாக இருந்தால் அம்மோனியா இல்லை, நெருக்கடி இல்லை, அது பெரிய லாபம். ஆனால் நம் செம்மண்ணில் மழை பெய்தால் பள்ளத்தில் தேங்குகிற தண்ணீர் இருக்கிறதே, கோழி தன் தொட்டியை விட்டுவிட்டு அதைத்தான் குடிக்கும். காக்காய், கொக்கு, எலி, நாய் எல்லாம் வந்து போகிற தண்ணீர் அது. கோழிக் காலராவைப் பரப்புவதில் எலிக்குப் பெரிய பங்கு உண்டு. செத்த கோழியைக் கண்மாய்க் கரையில் வீசுகிற பழக்கம் வேறு. நாய் இழுத்துவந்து அடுத்த வீட்டுத் தோட்டத்தில் போடும். மூடி போட்ட குழி ஒன்று வெட்டிச் சுண்ணாம்பு போடுங்கள்.

ஒப்பந்தப்பண்ணை_தேவகோட்டை

அம்மோனியா பேச்சு வந்ததால் சொல்கிறேன். கல்லல் அண்ணே, மழைக்காலத்தில் சாரல் அடிக்கிறது என்று படுதாவை அடி முதல் முடி வரை இறக்கிக் கட்டியிருப்பீர்கள். நானும் கேள்விப்பட்டவரை எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். கூளத்து ஈரமும் எச்சமும் சேர்ந்து ஆவியாகி உள்ளேயே நிற்கும். நின்றுகொண்டு மோந்தால் தெரியாது. கோழியின் மூக்கு தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது, நீங்களும் குத்தவைத்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் கோழிக்கு அது இரவும் பகலும் எரிகிறது. அதுவும் பண்ணைக்குள்ளேயே இருக்கிறவன் மூக்கு பழகிப்போயிருக்கும், வெளியாள் ஒருவரைக் கூட்டிவந்து கேட்பது நல்லது.

படுதாவை மேலேயிருந்து ஒரு அடி திறந்து வையுங்கள். சாரல் கீழேதான் அடிக்கும், காற்று மேலே போகும்.

கூளத்தை ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். கையைத் திறந்ததும் உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். லேசாக ஒட்டிப் பொலபொலவென்று உதிர்ந்தால் சரி. தூளாகப் பறந்தால் ரொம்பக் காய்ந்தது, அந்தத் தூசியும் மூச்சுக்கு ஆகாது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி எப்போதும் கட்டிதட்டும், அதை மட்டும் தினமும் வெட்டி வெளியே எடுத்துவிடுவேன்.

கால்நடை_ஓய்வு

அருமையாக எழுதியிருக்கிறீர்கள். காரணத்தை நான் சேர்க்கிறேன். கோழியின் மூச்சுக்குழாயின் உள்பக்கம் பொடிப்பொடி மயிரிழைகள் இருக்கும். தூசியையும் கிருமியையும் மேலே தள்ளி வெளியேற்றுவதே அவற்றின் வேலை. அம்மோனியா 25 பிபிஎம்மை, அதாவது காற்றில் பத்து லட்சத்துக்கு 25 பங்கைத் தாண்டினால் அவை முடங்கிவிடுகின்றன. அப்புறம் கூளத் தூசியில் எப்போதும் இருக்கிற ஈகோலை, தடுக்க ஆளில்லாமல் நேராகக் காற்றுப்பைக்குப் போகும். அறுத்துப் பார்த்தால் இருதயத்தின் மேலும் ஈரலின் மேலும் வெள்ளையாகப் பாலாடை மாதிரி படலம் போர்த்தியிருக்கும். பண்ணைக்காரர் "எங்கிருந்தோ ஈகோலை வந்துவிட்டது" என்பார். அது எங்கிருந்தும் வரவில்லை. கோழியின் குடலில் எந்நேரமும் இருப்பதுதான்.

ஈரக் கூளத்தில் சுண்ணாம்பு போடுகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். போட்டவுடன் அம்மோனியா குறையாது, கூடும். காரத்தன்மை அதைக் கிளப்பிவிடும். படுதாவை நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு, வெயில் இருக்கிற நாளில் கிளறிவிட்டுப் போடுங்கள்.

மைக்ரோ_மாணவி

தண்ணீரைப் பற்றி யாரும் பேசவில்லையே? அண்ணே, குழாயின் கடைசி முனையைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள். வழவழவென்று இருந்தால் அது பாக்டீரியா கட்டிக்கொண்ட வீடு. விட்டமின், வெல்லத் தண்ணீர், மருந்துப் பவுடர் எல்லாம் குழாய் வழியாகப் போகும்போது அதற்குச் சாப்பாடு. போர் தண்ணீர் சுத்தமாகவே இருந்தாலும் கோழி வாய்க்கு வரும்போது அப்படி இருக்காது.

கல்லல்_சிறுவிடை

விரலை விட்டுப் பார்த்தேன். வழவழப்பா, கொழகொழவென்று பச்சையாகவே வருகிறது! சின்டெக்ஸ் மூடி வேறு உடைந்து கிடக்கிறது. பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடுவது?

கால்நடை_ஓய்வு

முதலில் தொட்டியைத் தேய்த்துக் கழுவுங்கள். குழாயைக் கழற்றி வேகமாகத் தண்ணீர் விட்டு அலசுங்கள். அழுக்கை வைத்துக்கொண்டு பிளீச்சிங் போட்டால் அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். அதற்கப்புறம் 1000 லிட்டருக்கு சுமார் 10 கிராம், அதாவது 30 சதவீதத்துக்கு மேல் குளோரின் இருக்கிற நல்ல பவுடராக இருந்தால். அது ஏறத்தாழ 3 பிபிஎம் வரும். தனியாக வாளியில் கரைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றுங்கள், அரை மணி நேரம் கழித்துத் திறந்துவிடுங்கள். வருஷக்கணக்கில் வாய் திறந்து கிடக்கிற மூட்டையில் குளோரின் இருக்காது, வாசனைதான் இருக்கும். தண்ணீரில் தடுப்பு மருந்து கொடுக்கிற நாளுக்கு முந்தின நாளே பிளீச்சிங்கை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் தடுப்பு மருந்தே செத்துவிடும்.

அம்மாவின் காலை நடையையும் திருப்பிவிடுங்கள். முதலில் குஞ்சு, அடுத்து வளரும் கோழி, கடைசியில் பெரிய கோழி, எல்லாம் முடிந்தபிறகு சீக்குக் கோழி. கொட்டகைக்கு ஒரு செருப்பு, உள்ளேயே கிடக்கட்டும். வாசலில் மருந்துத் தொட்டி வைத்து அதில் காலை முக்குகிறோம் என்று பலர் பெருமையாகச் சொல்வார்கள். சேறு படிந்த செருப்பை அதில் முக்கினால் இரண்டாவது ஆளுக்கே அது வெறும் சேற்றுத் தண்ணீர். செருப்பை மாற்றுவதற்கு அது ஈடாகாது.

கல்லல்_சிறுவிடை

லேப் ரிப்போர்ட் வந்துவிட்டது. மருந்து நிறுத்தியிருந்த நேரத்தில் புதிதாக வீங்கிய இரண்டு கோழியையும், முனகிக்கொண்டிருந்த சில குஞ்சுகளையும் கொண்டுபோனேன். பெரிய கோழியில் கொரைசா என்றுதான் சொன்னார்கள். குஞ்சில் ஈகோலை. தொட்டித் தண்ணீரிலும் ஈகோலை. குஞ்சில் எடுத்த கிருமிக்கு நான் முன்பு கொடுத்த இரண்டு பவுடரும் எடுபடாது என்று எழுதியிருக்கிறார்கள். கொரைசாவுக்கு ஒரு மருந்து எழுதிக் கொடுத்தார்கள்.

அம்மா நடையை மாற்றியாகிவிட்டது. முதலில் "என்னடா புதுசா" என்றார், இப்போது அவரே எனக்கு ஞாபகப்படுத்துகிறார். முட்டை கழுவுவதை நிறுத்திவிட்டோம். கடைசியாகப் பொரித்த குஞ்சுகளில் சாவு நன்றாகக் குறைந்திருக்கிறது.

இனிமேல்தான் கஷ்டமான கேள்வி. பட்டு எழுந்த தாய்க்கோழிகளை என்ன செய்வது? நல்ல சிறுவிடை ரத்தம், பொறுக்கிப் பொறுக்கிச் சேர்த்தது.

கால்நடை_ஓய்வு

என் கருத்து கறாரானது. சந்தைச் சேவல், பட்ட தாய்க்கோழி எல்லாவற்றையும் மருந்துக் காலம் முடிந்தபின் கறிக்குக் கொடுத்துவிட்டு, பெரிய கொட்டகையை இரண்டு வாரம் காயப்போடுங்கள். கொரைசா விஷயத்தில் காலியான கொட்டகைதான் முழு மருந்து. கொரைசா கோழியிலிருந்து கோழிக்குத்தான் போகும், முட்டை வழியாகப் போகாது. ஆகவே ரத்தம் வேண்டும் என்றால் அந்தக் கோழிகளின் சுத்தமான முட்டையை மிஷினில் வைத்துக் குஞ்சாக எடுத்து, தனியிடத்தில் தனி ஆள் வைத்து வளர்த்துக்கொள்ளுங்கள். மைக்கோபிளாஸ்மாவாக இருந்திருந்தால் இந்த வழியைச் சொல்லியிருக்க மாட்டேன், அது முட்டைக்குள்ளேயே போகும்.

ஒப்பந்தப்பண்ணை_தேவகோட்டை

ஐயா சொல்வது சரி. ஆனால் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் தள்ளினால் வீட்டுச் செலவுக்கு என்ன செய்வார்? கார்த்திகையில் மாலை போட்டிருப்பார்கள், கறிக்கோழி விலையும் இருக்காது. கொரைசா தடுப்பூசி போட்டு, பழைய கோழியை வேலிக்கு அந்தப் பக்கம் ஒதுக்கி வைத்துக்கொண்டு, தை பிறந்ததும் விற்றால் ஆகாதா?

கால்நடை_ஓய்வு

ஆகும், ஆனால் நடுவில் ஒரு கம்பி வேலி போதாது. தண்ணீர் தனி, வாளி தனி, ஆள் தனி, அங்கிருந்து மற்றக் கோழிகள் பக்கம் காற்றடிக்கக் கூடாது. தடுப்பூசி உண்டு. அது செத்த கிருமியில் செய்த ஊசி, ஏ, பி, சி என்று அந்தக் கிருமியில் ரகம் உண்டு, உங்கள் பக்கத்து ரகத்துக்குப் பொருந்தினால் நோயின் கடுமை குறையும். கிருமி சுமப்பதை ஒழித்துவிடும் என்று சொல்ல மாட்டேன். வளரும் கோழிகளுக்கு முட்டை இடத் தொடங்கும் முன்பே போட வேண்டும்.

பஞ்சாரம்

தம்பி, மருந்து கொடுக்கிற நாளில் முட்டையை விற்றுவிடாதே. எங்கள் ஊரில் உன் முட்டையை வாங்கித்தான் புள்ளத்தாச்சிக்கும் குழந்தைக்கும் கொடுக்கிறார்கள், நாட்டுக்கோழி முட்டை என்று நம்பி. சிலர் அரைவேக்காட்டில் கொடுப்பார்கள், சிலர் பச்சையாகவே.

கால்நடை_ஓய்வு

ஆச்சி சொன்னதற்கு மேல் என்ன சொல்ல? மருந்துச் சீட்டில் எத்தனை நாள் முட்டையும் கறியும் விலக்க வேண்டும் என்று இருக்கும், அதைப் பாருங்கள். இல்லையென்றால் எழுதிக் கொடுத்தவரிடம் கேளுங்கள். பச்சை முட்டை பழக்கமும் வேண்டாம், நாட்டுக்கோழிக்கும் சால்மொனெல்லா என்கிற வயிற்றுக் கிருமி உண்டு. கோழிக்கறியைக் குழாயடியில் வைத்துப் படபடவென்று கழுவுவதும் அப்படித்தான், தெறிக்கிற தண்ணீரில் கிருமி சமையலறை முழுக்கப் போகும். குழம்பில் நன்றாகக் கொதித்தால் ஒன்றும் மிஞ்சாது. அதில் செட்டிநாட்டுச் சமையலைக் குறை சொல்ல முடியாது.

கல்லல்_சிறுவிடை

முட்டையை நிறுத்தி வைத்திருக்கிறோம் ஆச்சி. வாடிக்கைக்காரர்களிடம் மழை முடியட்டும் என்று சொல்லியாகிவிட்டது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள்.

வீட்டில் பேசி முடிவு எடுத்துவிட்டோம். சந்தைச் சேவல்களை இந்த வாரமே தனியாகப் பிரிக்கிறோம், மருந்து நாள் கழிந்ததும் கறிக்குப் போகும். தாய்க்கோழியில் ரொம்ப நல்லதிலிருந்து மட்டும் முட்டை எடுத்துப் பொரித்துவிட்டு, தை முதல் வாரம் பெரிய கொட்டகையைக் காலி செய்கிறோம். குஞ்சுகள் எங்கள் சித்தப்பா வீட்டுத் தோப்பில் வளரும், அங்கே வேறு கோழி இல்லை. கூளம் முழுக்கப் புதிதாகப் போட வேண்டும். உமி எங்கே நல்லதாகக் கிடைக்கும்?

தீவனக்கடை_காரைக்குடி

புதுவயல் போங்கள், எத்தனை ரைஸ்மில் வேண்டும்? காய்ந்த உமியாகப் பார்த்து எடுங்கள். வெளியே குவித்து மழையில் நனைந்ததை மலிவாகத் தள்ளிவிடுவார்கள்.

ஒப்பந்தப்பண்ணை_தேவகோட்டை

உமி மட்டும் போட்டால் ஈரம் இழுக்காது, தேங்காய் நார்க்கழிவு காய்ந்ததாகக் கிடைத்தால் கலந்து போடுங்கள். நானும் அடுத்த பேட்சுக்குப் புதுவயலில்தான் எடுக்கிறேன், சேர்ந்தே ஒரு வண்டி பேசிவிடலாம். ஒன்றே ஒன்று அண்ணே, சாக்கு புதுசாக நீங்களே கொண்டுவாருங்கள். மில்லில் கொடுக்கிற பழைய தீவனச் சாக்கு எந்தப் பண்ணையிலிருந்து திரும்பி வந்தது என்று அவர்களுக்கே தெரியாது. வண்டியை உங்கள் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தி இறக்கிக்கொள்ளுங்கள், நான் உள்ளே வரமாட்டேன்.